கிழக்கு பார்த்த மனை

மேற்கு மாம்பலத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு ஃப்ளாட் விலைக்கு வந்தன. ஒன்று தரைத்தளம், இன்னொன்று இரண்டாவது மாடி. தரைத்தளம் எட்டு லட்சம் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டதற்குத் தரகர், "மாடி ஏற வேண்டியதில்ல பாருங்க, அதான் சார்" என்றார். ஏற வேண்டியதில்லை என்றால் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தெருமுனைப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. லேக் வ்யூ ரோடு.

"லேக் எங்கே?"

"அது அந்தக் காலத்துல சார். லேக் போயிடுச்சு, ரோடு இருக்கு. நமக்கு ரோடுதானே சார் வேணும்?"

விஷயத்தை மதுரையில் இருக்கும் மாமனாருக்குப் போனில் சொன்னேன். அவருக்குச் சென்னையைக் கண்டால் ஆகாது. திருமலை நாயக்கருக்குப் பிறகு தலைநகரத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி. "மாப்பிள்ளை, வீட்டுக்கு முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிறது இருக்கட்டும். முதல்ல அந்த ஊருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க" என்றார்.

கோபத்தில்தான் சொன்னார். எனக்கோ அது நல்ல யோசனையாகப் பட்டது. போட்டுப் பார்த்தேன்.

ஊரின் தாய்ப்பத்திரம் 1639-இல் எழுதியது. எழுதிக்கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். விஜயநகர அரசரின் பெயரால் வந்தவாசியில் இருந்துகொண்டு இந்தக் கரையை ஆண்டவர். வாங்கியவர் பிரான்சிஸ் டே. வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு கிடங்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர். சொத்து விவரம்: கடலோரமாக மூன்று மைல் நீளம், ஒரு மைல் அகலம், முழுக்க மணல்.

தேதியிலேயே முதல் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. பத்திரப் பிரதியில் இருப்பது ஜூலை 22. அன்றைக்கு டே துரை இந்தக் கரைக்கு வந்து சேரவே இல்லை. ஆள் வராமலே பத்திரம் முடிகிற வித்தை நம் காலத்தில் பிறந்தது என்று நினைத்திருந்தேன்; ஊரே அப்படித்தான் பிறந்திருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பெரிய மனது பண்ணி ஒரு மாதத்தைக் கூட்டி ஆகஸ்ட் 22 என்று தீர்த்துவைத்தார்கள். வருஷாவருஷம் சென்னை தினம் கொண்டாடுவது அந்தத் தீர்ப்பின்படிதான்.

கோட்டை கட்டும் செலவு யாருடையது என்பதில் நாயக்கர் ஒரு மாதிரிப் புரிந்துகொண்டார், கம்பெனி வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. கடைசியில் கம்பெனி கட்டியது. கட்டிவிட்டு, இவ்வளவு செலவா என்று லண்டனிலிருந்து கடிதம் மேல் கடிதம் போட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பமே இல்லை. ஊருக்கு நாயக்கரின் தகப்பனார் சென்னப்பர் பெயர் என்றார்கள். மனைப் பிரிவு போட்டு அப்பா பெயரில் நகர் வைக்கிற நம் ப்ரொமோட்டர்கள் யார் வாரிசு என்று இப்போது விளங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மணலுக்குத் தெற்கே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும், வடக்கே திருவொற்றியூரும் இருந்தன; அங்கெல்லாம் ஆழ்வார்களும் நாயன்மார்களும் வந்து பாடிவிட்டுப் போய் நூற்றாண்டுகள் பல ஆகியிருந்தன. சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகக் குடியிருந்தார்கள். இத்தனை பேருக்கும் நடுவில் காலியாகக் கிடந்த ஒரே இடத்தை டே துரை வாங்கினார். அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. காலி மனையைப் பார்த்ததும் நமக்கும் அந்தக் கேள்வி வருவதில்லை.

ஏன் இந்த இடம்? கம்பெனிக்கு அவர் எழுதிய காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு. ஊர் சொன்ன காரணம், சாந்தோமில் அவருக்கு வேண்டிய ஓர் அம்மணி இருந்தார், அடிக்கடி போய்வர வசதியாகப் பக்கத்திலேயே இடம் பார்த்தார். வதந்திதான். ஆனால் அந்தக் கரையை நேரில் பார்த்தவர்கள் யாரும் வேறு நல்ல காரணம் சொல்லிவிடவில்லை.

இனி நான்கெல்லை.

கிழக்கே வங்காள விரிகுடா. பெயர்தான் விரிகுடா, இந்த இடத்தில் குடைவு என்று ஒன்றும் கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் கரை. கப்பல் ஒதுங்க ஒரு முனை இல்லை, ஒளிய ஒரு தீவு இல்லை. கப்பல் வியாபாரம் பண்ண வந்தவர் கப்பல் நிற்க முடியாத கரையை வாங்கினார். அடுத்த இருநூற்றைம்பது வருஷ வரலாறு, இந்த ஒரு வாக்கியத்தைச் சமாளித்த கதைதான்.

கப்பல்கள் ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாது, வளைந்துகொடுக்கும். துரைமார்கள் உடன் கொண்டுவந்த படகுகள் ஆணி அடித்தவை, கௌரவமானவை, ஆகவே உடைந்தன. லண்டனிலிருந்து ஆறு மாதம் மிதந்து வந்தவர்கள் இந்தக் கடைசி ஒரு மைலில்தான் கர்த்தரைக் கூப்பிட்டார்கள். நடு அலையில் துடுப்பை நிறுத்திவிட்டு, கூலியில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொடுக்கச் சொல்லிப் படகுக்காரர்கள் கேட்டதாகப் பயணிகள் புலம்பியிருக்கிறார்கள். மீட்டருக்கு மேல் கேட்கும் கலைக்கு ஆட்டோ ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் பரம்பரையாக வருகிறது. கரை நெருங்கியதும் துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மணலில் இறக்குவார்கள். இந்தத் தேசத்தைக் கைதூக்கிவிட வந்தோம் என்று பிறகு புத்தகம் எழுதினார்களே, அவர்கள் வந்து இறங்கிய லட்சணம் இதுதான்.

பக்கத்திலேயே நம் ஆட்கள் நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அதே அலையில் போய் மீன் பிடித்து வந்தார்கள். துரைமார்கள் அந்தக் கட்டுமரத்தைப் பார்த்து அசந்து, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடம்புள்ள உல்லாசப் படகு. கட்டையும் இல்லை, கட்டும் இல்லை.

அக்டோபர் பிறந்தால் கடல் இன்னும் மோசம். இதை 1746-இல் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே அனுபவித்துத் தெரிந்துகொண்டார். செப்டம்பரில் கடலிலிருந்தும் கரையிலிருந்தும் சில நாள் குண்டு போட்டதில் கோட்டை அவர் கைக்கு வந்துவிட்டது. தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும், "மழைக்கு முந்திக் கிளம்பிடுங்க சாமி" என்று சொல்லியிருப்பார்கள். அவரோ, பிடித்த ஊரை ஆங்கிலேயருக்கே பணத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தார். பாண்டிச்சேரியில் இருந்த துப்ளே கூடவே கூடாது என்றார். இருவரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நாள்காட்டி அக்டோபருக்கு நகர்ந்தது. ஒரு ராத்திரிப் புயலில் அவருடைய கப்பற்படையின் இடுப்பு ஒடிந்தது. ஆங்கிலேயரின் பீரங்கி செய்யாததை வடகிழக்குப் பருவமழை செய்து முடித்தது. வானிலை அறிக்கையைக் கேட்காமல் சென்னையில் காரியம் பண்ணிக் கெட்டவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

கடைசியில் துறைமுகம் இல்லாத ஊருக்குத் துறைமுகம் கட்டியே தீர்வது என்று முடிவெடுத்தார்கள். 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று நீட்டிப் பார்த்தார்கள். புயல்கள் அதை வளைத்துப் பார்த்தன. 1875-இல் வேல்ஸ் இளவரசரை அழைத்து வந்து அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு கல்கரங்களை நீட்டும் வேலை தொடங்கியது. ஆறு வருஷ வேலை. முடிந்துவிட்டது, சாந்து காய வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில், 1881 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல் வந்து அந்தக் கரங்களை முறித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்து வாசல் வைத்தது தப்பு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் வாசலை வடகிழக்காகத் திருப்பி வைத்தார். வாஸ்து பார்த்தவர்கள் அப்போதே சொல்லியிருப்பார்கள். ஈசானிய மூலை.

இந்தத் துறைமுகத்தின் பக்கவிளைவு ஒன்று உண்டு. மெரினா இயற்கை அன்னையின் கொடை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவன் நான். அந்த எட்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கரையோரமாகக் கடல் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மணலைத் துறைமுகத்தின் கரம் குறுக்கே நின்று மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்தது. அதற்கு முன்னால் அலை இன்றைய கடற்கரைச் சாலைக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தது. 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் வாசலுக்கும் கடலுக்கும் அதிக தூரமில்லை. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை உருகுவதற்குள் உள்ளே தள்ள அதுதான் வசதி. இன்று அதே வாசலிலிருந்து அலைக்கு நடந்தால், கையில் உள்ள ஐஸ்க்ரீம் உருகிவிடும்.

கவர்னர் கிராண்ட் டஃப் வந்து பதவியேற்ற அதே மாதத்தில்தான் புயல் துறைமுகத்தை உடைத்தது. மனிதர் துறைமுகத்தைப் பார்க்காமல் அதன் ஓரத்தில் சேர்ந்த மணலைப் பார்த்தார். அங்கே ஒரு நடைபாதை போட்டு, இத்தாலியின் பலெர்மோவில் பார்த்த ஞாபகத்தில் மெரினா என்று பெயர் வைத்தார். இப்படி யாரும் விற்காத, யாரும் வாங்காத, தாய்ப்பத்திரமே இல்லாத நிலம் ஒன்று நகரத்துக்குச் சும்மா கிடைத்தது. புறம்போக்கு கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? சிலை வைத்தோம், சமாதி கட்டினோம், பஜ்ஜிக் கடை போட்டோம்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போக வேண்டிய மணல். அது வராததால் ராயபுரத்தையும் அதற்கு வடக்கேயும் கடல் அரித்துத் தின்றது. கரையோரம் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருப்பது அதற்குத்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அந்த ஊருக்கு அடுத்த தலைமுறையில் கிடைத்த பரிசு கல். தென்சென்னை காற்று வாங்க, வடசென்னை கரையைக் கொடுத்திருக்கிறது. இந்தப் பாகப்பிரிவினைக்குப் பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

கிழக்கு எல்லையைப் பற்றி இன்னும் ஒன்று. கடல் பார்த்த மனைக்கு ஆபத்தும் கடல் வழியாகத்தான் வரும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. கப்பல் அரைமணி நேரம் கூட நிற்காமல் கிளம்பிவிட்டது. ஊர் கிளம்பியது அதற்குப் பிறகு. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். அந்தக் கப்பல் அதே நவம்பரில் கோகோஸ் தீவருகே ஒழிந்துபோனது. ஆனாலும் நம் வீடுகளில் அது மூழ்கவே இல்லை. கறார் மாமியார், பொல்லாத ஹெட்மாஸ்டர், கெட்டிக்கார வாண்டு எல்லாருக்கும் நூறு வருஷமாக எம்டன் என்றுதான் பட்டம். என் மாமனாரைப் பற்றி என் மனைவி சொல்வதும் அதுதான்.

வடக்கிலும் தெற்கிலும் ஆறுகள். மனை விளம்பரத்தில் போட நன்றாக இருக்கும்: இருபுறமும் ஆறு, எதிரே கடல். கொசஸ்தலை, கூவம், அடையாறு என்று மூன்று ஆறுகள். ஊர் தட்டையான ஊர். சராசரி உயரம் ஏழு மீட்டர் கூடத் தேறாது. ஆறு ஓட வேண்டுமானால் சரிவு வேண்டும். இங்கே அதற்கு வழியில்லாததால் ஆறுகள் உட்கார்ந்துவிட்டன. முகத்துவாரத்திலோ கடல் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் வெளியே போகவும் முடியாமல் உள்ளே திரும்பவும் முடியாமல் நிற்கிற தண்ணீரில் நாம் நம் பங்கைச் சேர்த்தோம். கூவத்தின் மேல் பழி போடுகிறவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற கிராமத்துக்கு ஒருமுறை போய்வரட்டும். அங்கே அது மரியாதையான ஆறு. நகரத்துக்கு வந்து கெட்டுப்போன கிராமத்துப் பிள்ளை.

அடையாறு ஒரு தடவை உலக வரலாற்றில் தலைகாட்டியது. அதே 1746-இல் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் பத்தாயிரம் பேருடன் ஆற்றுக்கு வடகரையில் நின்றார். எதிரே பிரெஞ்சுப் படையோடு வந்த பரதி என்ற ஸ்விட்சர்லாந்துக்காரரிடம் சில நூறு பேர்தான். நடுவில் ஆறு இருக்கிறதே என்ற தெம்பு இளவரசருக்கு. பரதியோ ஆட்களை ஆற்றில் இறக்கி நடக்கவே வைத்துவிட்டார். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறு படை பெரும் படையைத் துரத்தலாம் என்று உலகுக்குப் புரிந்த நாள் அது என்று புத்தகங்கள் சொல்லும். அடையாற்றில் முழங்கால் ஆழம்தான் என்று புரிந்த நாளும் அதுதான்.

இந்த ஆறுகள் ஓடாவிட்டால் என்ன, குறுக்கே ஒன்றை ஓட விடுவோம் என்று துரைமார்கள் வெட்டியது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் வடக்கே சிறியதாகத் தொடங்கியது. 1876 முதல் இரண்டு வருஷம் தாது வருஷப் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை வெட்டவைத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய வாய்க்காலுக்கு கவர்னரான பக்கிங்காம் கோமகனின் பெயர். பிற்பாடு நாம் அந்தக் கால்வாய்க்கு நடுவிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டோம். படகு போன வழியில் ரயில் போகிறது. தண்ணீர் எந்த வழியில் போவது என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை.

தெற்கே ஒரு மலையும் உண்டு. பரங்கிமலை, ஏறக்குறைய 300 அடி. இதை மலை என்றால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எவரெஸ்டின் உயரத்துக்கு விதை விழுந்தது இதன் அடிவாரத்தில். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இங்கே சங்கிலியைப் போட்டுப் பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான், அரை நூற்றாண்டு கழித்து இமயத்தில் ஒரு சிகரம் 29,002 அடி என்று கண்டுபிடித்தார்கள். அளக்கும் கருவியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு வாழ்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவையே அளந்த வேலை தட்டையான ஊரில் ஏன் தொடங்கியது என்றால், சங்கிலியை நேராகப் போட அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். சென்னையின் தட்டை ஒரே ஒரு முறை உபயோகப்பட்டிருக்கிறது. அளவு போய் முடிந்த பெரும்பாக்கம் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு. சர்வேயர் கண்ணுக்குத் தெரிந்த அந்தத் தண்ணீர், பின்னால் வந்த லே-அவுட் வரைபடங்களில் தெரியாமல் போய்விட்டது.

மேற்கு எல்லைக்கு வருவோம். மைசூரின் ஹைதர் அலி 1769-இல் பரங்கிமலை வரை வந்து, கம்பெனியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த நடுக்கத்தின் காலத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுந்தது. செலவை ஜனங்களிடம் வரியாக வாங்குவது என்று திட்டம். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சட்டம் இடம் கொடுக்குமா என்று சந்தேகம் வந்தது, வரி வசூலாகவே இல்லை. மதில் அநேகமாக இடிந்தேபோனது. இல்லாத மதிலுக்கு வாங்காத வரியின் பெயரில் தெரு மட்டும் நிற்கிறது. வால்டாக்ஸ் ரோடு. வ.உ.சி. பெயரை வைத்தும், பஸ் கண்டக்டர்கள் இன்னும் வால்டாக்ஸை விடவில்லை. லேக் இல்லாத லேக் வ்யூ ரோட்டுக்கு அண்ணன் முறை.

அந்த ஏரி எங்கே என்று கேட்டேன் அல்லவா? நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம், தேனாம்பேட்டைப் பக்கமாக மயிலாப்பூர் ஏரி என்று நீளமாகக் கிடந்தது. நீளத்தைப் பார்த்துத்தான் துரைமார்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் ஊருக்கு வீட்டு மனை போதவில்லை. ஏரியை வடித்து மனை போட்டார்கள். பிட்டி தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரில் தெருக்கள். இன்று தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் ஜனம் நிற்பது கடல் மாதிரி என்பார்கள். கடல் மாதிரி இல்லை, ஏரி மாதிரி. அது ஏரி இருந்த பக்கம்தான். நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த ஏரித் தரையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வான்சிறப்பு எழுதியவருக்கு நீர்நிலையைத் தூர்த்துக் கோட்டம் கட்டிய பெருமை நம்முடையது.

ஏரிகள் போனாலும் பெயர்களைத் துடைக்கத் துப்பில்லாமல் விட்டுவிட்டோம். டேங்க் பண்ட் ரோடு, ஸ்பர் டேங்க் ரோடு, லேக் ஏரியா என்று நுங்கம்பாக்கத்தையும் சேத்துப்பட்டையும் சுற்றி வந்தால், தபால்காரர் பையில் முழு ஏரியும் இருக்கிறது. இந்த ஊரில் வில்லங்கச் சான்று வாங்கப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பெயர்ப்பலகையைப் படித்தால் போதும். நமக்கு மறந்துவிட்டது, தண்ணீருக்கு மறக்கவில்லை. 2015 டிசம்பரில் அது பழைய விலாசங்களைத் தேடிக்கொண்டு வந்தது. தெருத்தெருவாக, கதவு தட்டி, சில வீடுகளில் மாடி வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனது. நாலே வருஷம் கழித்து 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவந்தோம். எதிரே கடல், நடுவே ஆறுகள், சுற்றிலும் ஏரியின் பெயர்கள், குடிக்க ரயில்.

கடைசி வில்லங்கம் மாமனாருடையது. "தலைநகரம்னா ராஜ்யத்துக்கு நடுவுல இருக்கணும். இது வாசப்படியில உட்கார்ந்திருக்கு. கன்னியாகுமரிக்காரன் எழுநூறு கிலோமீட்டர் வரணும். ஆந்திராக்காரன் காபி குடிச்சிட்டு வந்துடலாம்." இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஊர் நகரவில்லை, மாமா. மாகாணம்தான் எழுந்து போனது. சென்னை ராஜதானி ஒரு காலத்தில் ஒரிசாவின் கஞ்சம் வரை நீண்டிருந்தது. அந்தக் கணக்கில் இது நடு வீடு. 1936-இல் கஞ்சம் போனது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலபாரும் தென் கன்னடமும் போயின. மூன்று பாகப்பிரிவினைக்குப் பிறகு கூடம் திண்ணையாகிவிட்டது.

திண்ணையும் லேசில் மிஞ்சவில்லை. ஆந்திரர்கள் 'மதராஸ் மனதே' என்றார்கள். தற்காலிகத் தலைநகராகவாவது கொடுங்கள் என்று இறங்கியும் பார்த்தார்கள். தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி. மீசையை முறுக்கினார். அவர்கள் கர்னூலுக்குப் போனார்கள். யாருக்கும் வேண்டாத மணல் என்று 1639-இல் கிடந்த இடத்துக்கு இரண்டு மொழிக்காரர்கள் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருந்தால் நாயக்கர் விலையை ஏற்றியிருப்பார். 1980-களில் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோகலாம் என்றார். காவிரி இருக்கிறது, நடுவில் இருக்கிறது, எல்லாப் பொருத்தமும் இருந்தது. அதனாலேயே நடக்கவில்லை. 2010-இல் சட்டசபையே கோட்டையை விட்டு ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குக் கிளம்பியது. ஒரு தேர்தல் முடிந்ததும் கோட்டைக்கே திரும்பி வந்தது. புதுக் கட்டடம் ஆஸ்பத்திரியானது. நாயக்கர் எழுதிக்கொடுத்த அந்த மூன்று மைல் மணலில்தான் இன்றும் ராஜ்யபாரம் நடக்கிறது. கோட்டை என்றாலே நமக்கு அரசாங்கம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு தெரிஞ்ச பிறகும் அங்கேதான் வாங்கப் போறீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

போன வாரம் ஃப்ளாட்டுக்கு வில்லங்கச் சான்று வந்தது. முப்பது வருஷத்துக்குத் தேடியிருக்கிறார்கள். வில்லங்கம் ஏதும் இல்லை என்று முத்திரை குத்தியிருக்கிறது. இரண்டாவது மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். தரைத்தளத்தை வாங்கியவர் ஊருக்குப் புதியவராம். டிசம்பரில் குடிவருகிறார்.